வளையம் வைத்த பட்டுப் போர்வை

பிப்ரவரி 3, திங்கள்

இல்லை பாவாயி, அதற்குப் பேர் பங்கு பிரிப்பது இல்லை. அதற்குப் பேர் திமிர்.

பங்கு என்றால் பெரியவர்கள் நாலு பேர் உட்கார வேண்டும், வெற்றிலை மடிக்க வேண்டும், ஒருத்தராவது கோபித்துக்கொண்டு எழுந்து போக வேண்டும். நீ பாட்டுக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மாம்பழ மஞ்சள் மகளுக்கு, கத்தரிப்பூக் கலர் என் தங்கச்சிக்கு, கிளிப்பச்சை பக்கத்து வீட்டு நாகமணிக்கு என்று பட்டுச் சேலைகளை எடுத்து எடுத்து வைத்தால் என்ன அர்த்தம்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? நான் கட்டப் போவதில்லைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

"கட்டாத சேலைய பொட்டியில வெச்சு என்னுங் பண்றது? நாலு பேரு கட்டட்டும்" என்றாய். இதற்கு நான் நல்ல பதிலாகத்தான் சொன்னேன். அதற்குள் நீ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏறிவிட்டாய், மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டார். கண்ணாடிக்கு வெளியே ஒருத்தன் வாயை வாயை அசைத்துக்கொண்டு நின்றால் மீன் தொட்டி மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

சரி, போனில் முடித்துக்கொள்ளலாம் என்று சாயங்காலம் கூப்பிட்டேன். கோகிலா எடுத்தாள். "அப்பா, அம்மாகிட்ட வம்பு பேசறதா இருந்தா போனே போடாதீங்க. கோயமுத்தூர்ல காலு வெச்சு இன்னும் தண்ணி கூடக் குடிக்கல. மனசு நோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். பெற்ற மகள் எனக்கு வாய்ப்பூட்டு போடுகிறாள்.

ஆகட்டும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனது எதற்கு? டயர் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. பாக்கிச் சண்டையை இதில் போடுகிறேன். இதில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

அந்த அரக்குக் கூறையை மட்டும் தனியாக மஞ்சள் துணியில் சுற்றிவிட்டு, "இது யாருக்கும் இல்லீங், இது எனக்கு" என்று ஒன்று சொன்னாயே. அதற்கு இன்று பதில் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பழைய சோறு குடித்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் முருங்கைக்குத் தண்ணீர் விட்டேன். பிறகு தார்ப்பாய் வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து உன் பட்டுச் சேலை அத்தனையையும் வெட்டிவிட்டேன்.

கோபத்தில் செய்தது இல்லை. நிதானமாகத்தான் வெட்டினேன். முதலில் எதை வெட்டினேன் என்று மட்டும் கேட்காதே.

வெட்டி முடித்து, குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், நாகமணி வந்தாள். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் துணி வெட்டுகிற சத்தம் சுவரைத் தாண்டியும் கேட்குமோ என்னவோ.

"மாமோவ், அக்கா பச்சைய எனக்குன்னு எடுத்து வெச்சிருக்குதுன்னு சொல்லுச்சுங். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அக்காதான் கேக்கல..."

"இருக்குது அம்மிணி. உனக்கு எத்தனை துண்டு வேணும்?"

உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ ஆத்தா! என்ன காரியம் பண்ணியிருக்கறீங்க மாமா! அக்கா வந்து கேட்டா என்னுங் சொல்லுவீங்க?"

"வந்து கேக்கட்டும். அதுக்குத்தான் வெட்டினது."

"எதுக்குன்னு கேக்கறேன்!"

"போர்வை தெக்கப் போறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி வரைக்கும் போர்வை என்கிற யோசனை எனக்கு இல்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு பின்வாங்குகிற பழக்கம் செங்கோடனுக்குக் கிடையாது.

பிப்ரவரி 6, வியாழன்

சங்ககிரி பைபாஸில் நிற்கிற எந்த டிரைவரையாவது கேட்டுப் பார். செங்கோடன் தைத்த தார்ப்பாய்க்குக் கீழே சர்க்கரை மூட்டை நனைந்தது என்று ஒருத்தன் சொல்லட்டும். கொல்கத்தா வரைக்கும் என் தையல் போய் வந்திருக்கிறது. நான் போனதில்லை, தையல் போயிருக்கிறது. அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு போர்வை என்ன பெரிய காரியம்?

என் பழைய வேட்டியைக் கீழே விரித்தேன். மேலே பட்டுத் துண்டுகளை அடுக்கினேன். கோணி ஊசி, மெழுகு தடவிய நூல், உள்ளங்கைக்குக் கட்டுகிற தோல் பட்டை எல்லாவற்றையும் பரண் மேலிருந்து இறக்கினேன். சாயங்காலத்துக்குள் ஒரு முழம் தைத்தாயிற்று.

நீ இருந்திருந்தால் வாயைத் திறக்க முடியாமல் நின்றிருப்பாய்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தைத்தது எல்லாம் போயிற்று.

நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. இன்று கெட்டியாக இருக்கிறதா என்று தார்ப்பாயை இழுத்துப் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுத்தேன். பர்ரென்று ஊசித் துளை வழியாகவே கிழிந்து வந்தது, தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி. தையல் ஒன்றும் ஆகவில்லை. பட்டுத்தான் போய்விட்டது. தோற்றது துணி, நான் இல்லை.

நாகமணி பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டுக் கோழி மிரண்டு ஓடிற்று.

"மாமா, இது சிமெண்டு மூட்டைய மூடறது இல்லீங். பட்டு. இத்தன தடியான ஊசியில குத்துனா அது என்னத்துக்கு ஆகும்? அதுவும் உங்க மெழுகு நூலு கத்தி மாதிரி அறுக்குது."

"வெளிய பெய்யற மழைய உள்ள உடாத நூலு அது."

"ஊட்டுக்குள்ள ஏதுங் மழை?"

பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன். ஆனால் அவள் மெல்லிசு ஊசியும் பட்டு நூலும் கொடுத்தாள். கொடுக்கிறவளைக் கிண்டல் செய்யக் கூடாது, வாங்கி முடிக்கிற வரைக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். என் விரல் சொரசொரப்பில் பட்டு இழை மாட்டிக்கொண்டு வருகிறதாம். சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். எறும்பு வந்தது.

பிப்ரவரி 12, புதன்

ஊசி இன்று துணியைவிட என்னைத்தான் அதிகம் தைத்தது.

பிப்ரவரி 17, திங்கள்

கோகிலா போனை உன்னிடம் கொடுத்தாள். பேசினோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு நீ மாற்றிப் பேசுவாய்.

"சாப்டீங்களா?" என்றாய்.

"கோழியடிச்சுக் கொழம்பு வெச்சேன்."

"பொய்யி. ரசமாவது வெச்சீங்களா?"

"நீ எப்படி இருக்கற?"

"கட்டிக்குக் கரண்ட் வெக்கறாங்க. தினமும் கூட்டிட்டுப் போயி ஒரு மெசினுக்குக் கீழ படுக்க வெக்கறாங்க. வலியெல்லாம் இல்லீங். குளுருதுங். அந்த ஏசி ரூமுல இருந்து வெளிய வந்தாலும் குளுருது. வெயில்ல நின்னாலும் குளுருது."

"கரண்ட் வெச்சா சூடல்லோ ஆகோணும்? இஸ்திரிப் பெட்டிக்கும் கரண்ட்டுதான் வெக்கறோம். உனக்கு வயரை மாத்திக் குடுத்துட்டானுங்களோ?"

நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் இருமல் ஆகிவிட்டது. "போனை வெய்ங்" என்றாய். வைத்துவிட்டேன்.

போர்வைக்கு உள்ளே ஒரு வேட்டி போதும் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தேன். இன்று பிரித்து, இன்னும் இரண்டு வேட்டியைச் சேர்த்து வைத்தேன். காரணம் ஒன்றும் இல்லை. தடிமனாக இருந்தால் பார்வைக்கு அழகு.

பிப்ரவரி 21, வெள்ளி

பட்டு பேசுகிறது பாவாயி. உன்னை மாதிரியே, நிறுத்தாமல்.

மாம்பழ மஞ்சளில் ஒரு நெய்க் கறை. கோகிலா வயசுக்கு வந்த சீரன்று பந்தியில் நின்றுகொண்டு, உன் அண்ணன் சம்சாரம் நெய்யைக் குறைத்து ஊற்றுகிறாள் என்று தூக்கைப் பிடுங்கினாயே, அப்போது சிந்தியது. கிளிப்பச்சையில் பொறி பட்ட ஒரு ஓட்டை. தீபாவளிக்கு நான் சரத்தைக் கையில் பிடித்துக் கொளுத்திக் காட்டினபோது விழுந்தது. அந்த ஓட்டையைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டியே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய். ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் நாகமணிக்குத் தள்ளிவிடப் பார்த்தாய், கெட்டிக்காரி.

அந்த ஓட்டைத் துண்டை எறியவில்லை. ஓட்டைக்குப் பின்னால் மஞ்சள் துண்டை வைத்துத் தைத்துவிட்டேன். பச்சைக்குள் ஒரு சின்ன சூரியன் மாதிரி இருக்கிறது. நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் சேலையும் மடிப்பில் விட்டுப்போகவில்லை. பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் இற்றுப்போகுமாம். வருஷா வருஷம் வெயிலில் காட்டி, பிரித்து, மடிப்பை மாற்றி மாற்றி வைப்பாயே. "வேலையத்தவ" என்று நான் சொல்வேன். சொன்னது சொன்னதுதான், ஆனால் வேலை நல்ல வேலை.

பிப்ரவரி 26, புதன்

தெருவில் பழைய பட்டு வாங்குகிறவன் வந்தான். வாசலில் நின்று, நான் தைப்பதைப் பார்த்து மாரில் அடித்துக்கொள்ளாத குறை.

"தாத்தா, அந்தச் சரிகைக் கரைய மட்டும் அறுத்துக் குடுத்துருங்க. உருக்கினா வெள்ளி வரும். நல்ல எவர்சில்வர் அண்டா தர்றேன்."

"அண்டாவுக்குள்ள படுத்தா குளுரு அடங்குமா?"

"அண்டாவுக்குள்ள எதுக்குத் தாத்தா படுக்கறீங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். போ சாமி."

சரிகைக் கரையை எல்லாம் போர்வையின் நாலு ஓரத்துக்கு வைத்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு ஓரம்தான் உயிர். ஓரம் கெட்டியாக இருந்தால் நடுவில் எது வந்தாலும் தாங்கும்.

மார்ச் 2, ஞாயிறு

"ஒரு எட்டு கோயமுத்தூர் போயி அக்காளப் பாத்துட்டு வரலாமல்லோ மாமா? பஸ்சுல ஏறுனா மத்தியானத்துக்குள்ள போயர்லாம்."

நாகமணிதான். நூல் கேட்கப் போனால் நூலோடு சேர்த்து இதையும் கொடுக்கிறாள்.

"நான் போயிட்டா பூனைக்கு யாரு பாலு ஊத்தறது?"

"உங்கூட்டுல ஏதுங் பூனை?"

"நான் போன நேரத்துல வந்துட்டா?"

அவள் சிரிக்கவில்லை. "அக்கா தெனமும் வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்குதாம். கோகிலா சொல்லுச்சு" என்றாள்.

உனக்குத் தெரியும், அந்த ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. உன்னை முதலில் காட்டப் போன அன்று, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் டீ குடிக்கப் போய்விட்டேன். டீ நன்றாகவே இல்லை. அந்த ஊர் டீக்காக ஒருத்தன் திரும்பப் போவானா?

மேலும் இங்கே வேலை கிடக்கிறது. தலைமாட்டில் ஆரம்பித்துக் கால்மாட்டுக்கு இறங்குகிறேன். மேல் துண்டு எப்போதும் கீழ்த் துண்டின் மேலே ஏறி உட்கார வேண்டும். லாரியில் முன்பக்கத்துத் தார்ப்பாய் பின்பக்கத்தின் மேலே ஏறி நின்றால்தான் எதிர்காற்று உள்ளே புகாது. நாகமணி எத்தனையோ தைத்திருக்கிறாள், இந்தச் சூட்சுமம் அவளுக்குத் தெரியாது. சொன்னேன். "போர்வை எந்த ரோட்டுல மாமா ஓடப் போகுது?" என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

மத்தியானம் கோகிலா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அப்பா, அம்மா போதும்னு சொல்லுது. இன்னும் பத்து பதினஞ்சு நாளு கரண்ட் வெக்கோணும், பாதியில உட்டா இத்தன நாளு வெச்சதும் வீணுன்னு டாக்டர் சொல்றாரு. அம்மா கேக்க மாட்டேங்குது. காலைல இருந்து பைய எடுத்து மடியில வெச்சுட்டு உக்காந்திருக்குது. ஊருக்குப் போலாம், எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன், எனக்கு ஒரு கொறையும் இல்லைங்குது. நீங்களாவது பேசுங்க."

"வம்பு பேசக் கூடாதுன்னு சொன்னயல்லோ கண்ணு."

"என்னமோ பேசுங்கப்பா!"

நீ போனை வாங்கினாய்.

"ஏனுங்," என்றாய், "வந்தர்றனுங். ஊட்டுலயே இருந்துக்கறேன். என்னால முடியலீங். சேலையெல்லாம் அவங்கவங்களுக்குக் குடுத்தாச்சுங்களா?"

"குடுக்கல."

"ஏனுங்?"

"வெட்டிப் போட்டேன்."

"என்னது?"

"சேலையெல்லாம் வெட்டிப் போட்டேன் பாவாயி. மஞ்சளு, பச்சை, கத்தரிப்பூ எல்லாம். துண்டு துண்டா."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனுஷன் என்றால் நிறுத்தியிருப்பான்.

"கூறையையும் வெட்டிட்டேன்" என்றேன். "மொதல்ல வெட்டினதே அதத்தான்."

தாலி கட்டின அன்று உடுத்திய கூறையைப் பொட்டியில் வைத்திருந்து, கடைசியில் மேலே போர்த்தி அனுப்புவது உன் அம்மா வீட்டில் வழக்கம். உன் அம்மாவை அப்படித்தான் அனுப்பினோம். நீ அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்தது எதற்கு என்று தெரியாத மடையனா நான்? இது எனக்கு என்றாயே. எனக்கு, எனக்கு என்று ஒரு பொருளை நீ கேட்டதே இல்லை. முதல் முதலாகக் கேட்டது அதையா?

"இப்ப நீ போறதுன்னா எதப் போத்திட்டுப் போவ?" என்றேன். "ஒண்ணும் இல்ல. முழுசா ஒரு சேல இல்ல. வெறுங்கையோட போனா உங்கம்மா உள்ள உடுவாளா?"

போனில் என் தோலை உரித்தாய் பாவாயி. அந்த மாதிரி நீ திட்டிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. கூறையில கைய வெக்க உனக்கு எத்தன நெஞ்சழுத்தம் என்றாய். "உனக்கு" என்றாய், "உங்களுக்கு" என்று கூடச் சொல்லவில்லை. படுபாவி என்றாய், பட்டுக்கும் தார்ப்பாய்க்கும் வித்தியாசம் தெரியாத மொரடன் என்றாய். நடுவில் இருமல் வந்தது, இருமிவிட்டுத் திரும்ப விட்ட இடத்திலிருந்து பிடித்தாய்.

"வந்து என்ன பண்றேன் பாருங்" என்றாய்.

"இப்ப வராத" என்றேன். "இப்ப வந்தா பாதிதான் இருக்கும். நான் அத்தனையையும் சேத்துப் போர்வை தெச்சுட்டு இருக்கறேன். நீ அங்க கரண்ட் வெச்சு முடிக்கறதுக்குள்ள நான் இங்க தெச்சு முடிக்கறேன். பாதியில ஓடி வர்றவ தோத்தவ. எப்படி வசதி?"

"நீங்க தெச்சுக் கிழிப்பீங்க!"

"ஏற்கனவே ஒருக்கா தெச்சுக் கிழிச்சாச்சு. இது ரெண்டாவது."

போனைக் கோகிலாவிடம் தூக்கிப் போட்டுவிட்டாய். அவளும் என்னைத் திட்டினாள். இரண்டு பேரும் என்னைத் திட்டியதில் மத்தியானச் சோறு எடுக்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெயில்தான், வேறென்ன.

மார்ச் 8, சனி

கோகிலா கூப்பிட்டாள். நீயாகவே எழுந்து, தலை சீவி, "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றாயாம். ஆஸ்பத்திரி வரைக்கும் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே போனாயாம்.

திட்டு பாவாயி. நன்றாகத் திட்டு.

மார்ச் 14, வெள்ளி

முக்கால்வாசி முடிந்தது. நடு இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே எது வரும் என்று நாகமணி கேட்டாள். "ஜன்னலு" என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும், தற்பெருமை இல்லை. என் தையல் இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி போகிறது. நாகமணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "பரவால்லீங் மாமா" என்றாள். ஜாக்கெட் தைக்கிறவள் வாயில் பரவாயில்லை என்று வந்தால், அது மற்றவர்கள் வாயில் பிரமாதம்.

மார்ச் 20, வியாழன்

கூறையை நடுவில் வைத்தேன். நாள் முழுக்க அது ஒரு வேலைதான். மற்றதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

முடிந்தது!

பொடக்காளிக் கொடியில் போட்டு வெயிலில் காட்டினேன். வெளிச்சம் பட்டதும் அது இருந்த இருப்பு இருக்கிறதே! தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்தினார். தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்றார்கள். "பாவாயி கடையில" என்றேன். அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள்.

நாகமணி சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மூலையைத் தூக்கினாள்.

"மாமா! இது என்னுங் இது?"

"வளையம்."

"அது தெரியுது. போர்வைக்கு எதுக்குங் பித்தள வளையம்? நாலு மூலையிலயும் அடிச்சு வெச்சிருக்கறீங்க!"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. தார்ப்பாய் தைத்து முடித்தால் மூலைக்கு மூலை துளை போட்டு வளையம் அடிப்பது கைப்பழக்கம். கை தானாகப் போய்ப் பரணில் இருந்த வளையத்தை எடுத்து, தானாக அடித்துவிட்டது. பட்டுப் போர்வைக்கு வளையம் அடித்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இதுவும் ஒரு பெருமைதான்.

"கழட்டிருங் மாமா. அக்கா பாத்தா சிரிக்கும்."

அவள் போன பிறகு குறடை எடுத்தேன். ஒரு மூலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குறடைப் பரணிலேயே வைத்துவிட்டேன்.

வளையம் இருக்கட்டும்.

மார்ச் 29, சனி

வந்துவிட்டாய்.

நேரிலேயே இருக்கிறாய், இனி இதில் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் நீ என்னைப் பேசி முடிக்க விடவில்லை. அதனால் இதையும் எழுத வேண்டியதாயிற்று.

மத்தியானம் கார் வந்து நின்றது. முந்தின பாவாயியில் பாதிப் பாவாயிதான் இறங்கினாய். சேலை உன்னைக் கட்டியிருந்தது, நீ சேலையைக் கட்டவில்லை. கோகிலா கையைப் பிடிக்க வந்தாள், தட்டிவிட்டாய். கால் கழுவினாய். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாய். பொம்பளைகளுக்கே இந்தக் கெட்ட புத்தி.

"பின்னாடி தையலு கோணலு" என்றாய்.

"முன்னாடி பாரு."

முன்னால் பார்த்தாய். பச்சைக்குள் இருந்த மஞ்சள் சூரியனை விரலால் தடவினாய். "இதையும் கண்டு புடிச்சிட்டீங்களா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாய்.

"துண்டெல்லாம் ஏனுங் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது? ஓடு மேஞ்ச மாதிரி?"

"தலமாட்டுப் பக்கம் லாரிக்கு முன்பக்கம். எதுத்தாப்புல அடிக்கற காத்து உள்ள பூந்துராது."

"நான் என்ன லாரியா?"

"லாரிதான். இப்பக் காலி வண்டி."

கோகிலா "அப்பா!" என்று அதட்டினாள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மூலையைத் தூக்கினாய். வளையம் கையில் சிக்கியது. விரலை விட்டுப் பார்த்தாய்.

"இது?"

"கவுறு கட்டறதுக்கு."

"போர்வைய எதுக்குக் கவுத்துல கட்டறது?"

"பாரம் ஏத்துன வண்டிக்குக் கூடக் கவல இல்ல பாவாயி. பாரத்துலயே தார்ப்பாய் அழுந்தி நிக்கும். காலி வண்டியிலதான் காத்து அடியில பூந்து தூக்கிட்டுப் போயிரும். அதனால காலி வண்டின்னா நாலு மூலையும் இறுக்கி..."

காலையில் தின்ற பொரிக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குள் நீ நடுவில் இருந்த அரக்கைக் கண்டுபிடித்திருந்தாய். உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

"சுத்தி எல்லாத்தோடயும் சேத்துத் தெச்சிருக்கறீங்க" என்றாய். "இனி இதத் தனியா எடுக்க முடியாதுங்களா?"

"முடியாது. எடுத்தா அத்தனையும் பிரிஞ்சு வரும்."

"அப்பப் பங்கும் பிரிக்க முடியாது."

"அத மொதல் நாளே சொன்னேன். மாப்பிள்ளைதான் கண்ணாடிய ஏத்திட்டாரு."

நீ எழுந்து நின்றாய். போர்வையை எடுத்துத் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாய். பங்குனி வெயில் மொட்டை உச்சியில் நிற்கிறது. கோகிலா, "எங்கம்மா போற, படுத்துக்கோ" என்றாள்.

"நாகமணி ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன். பச்சையத் தர்றேன்னு வாயி சொல்லிட்டேன். இல்லைன்னு நேர்ல போயிச் சொல்லோணுமல்லோ. எதுக்கு இல்லைன்னும் காட்டோணுமல்லோ."

"நில்லு பாவாயி," என்றேன், "கூறைய ஏன் நடுவுல வெச்சேன்னு நீ கேக்கவே இல்ல. தார்ப்பாயில நடு இடம் இருக்குதே, அங்கதான் மழைத்தண்ணி வந்து தேங்கும், அங்கதான் இருக்கறதுலயே கெட்டியான துணிய வெக்கோணும், நான் எதுக்குச் சொல்றேன்னா, இத்தன வருசத்துல இந்த ஊட்டுல..."

நீ வாசலைத் தாண்டிவிட்டாய். பின்னால் இரண்டு வளையமும் சிமெண்டுத் தரையில் இழுபட்டுக் கிணிங் கிணிங் என்று போகின்றன. இதோ, இந்த வரியை எழுதும்போதும் கேட்கிறது. படி இறங்குகிறாய். வேப்ப மரத்தடி. நாகமணி வாசல். "எங்கூட்டுக்காரரு தெச்சது, தொட்டுப் பாரு, கைய கழுவிட்டு வந்து தொடு" என்கிறாய். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை பாவாயி, இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில்